ஏரியா கிளப்பா, டர்ஃப் அகாடமியா? சேலத்தில் பிள்ளையை ஃபுட்பாலுக்கு எங்கே சேர்ப்பது

அம்மாபேட்டையிலிருந்து காலை 5.40-க்கு வண்டியை எடுத்தால் ஆறு மணிக்குள் மைதானத்தில் இருக்கலாம். முன்னால் மகன், பின்னால் மகள், ஹேண்டில் பாரில் பந்துப் பை. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. இரண்டு வருடத்தில் நாங்கள் எல்லா இடமும் பார்த்துவிட்டோம். மாதக் கட்டணம் வாங்கும் ஒரு டர்ஃப் அகாடமியில் எட்டு மாதம் இருந்தோம். ஒரு கோடை முழுக்கக் காந்தி ஸ்டேடியம் போய் வந்தோம். மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். இப்போது இருவரும் எங்கள் பகுதி இளைஞர்கள் நடத்தும் கிளப்பில் இருக்கிறார்கள். ஜூன் வந்தால் தெருவில் யாராவது, "அக்கா, எங்க பையன எங்க சேத்தலாம்?" என்று கேட்கிறார்கள். வாசலில் நின்று சொல்லி முடிகிற விஷயமாக இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு 13 வயது ஆகவில்லை என்றால் ஏரியா கிளப். கட்டணம் குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. பந்து காலில் படும் கணக்குக்காகச் சொல்கிறேன்.

டர்ஃபைப் பார்த்தவுடன் யாருக்கும் பிடித்துவிடும். பச்சை நிறச் செயற்கைப் புல், வெள்ளை விளக்கு, நம்பர் போட்ட ஜெர்சி. மாலை 6 முதல் 7 வரை பயிற்சி. எங்கள் பேட்சில் 28 பிள்ளைகள், ஒரு கோச், ஒரு உதவியாளர், பாதி டர்ஃப். ஒரு நாள் வலைக்கு வெளியே உட்கார்ந்து மகனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோன்களுக்கு நடுவே பந்தை ஓட்டிப் போய் வந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றான். முன்னால் ஏழு பேர். திரும்ப முறை வருவதற்குள் ஷூ லேஸை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினான். அந்த ஒரு மணி நேரத்தில் பந்து அவன் காலில் பட்டது 41 தடவை. கைவிரல் மடக்கி நான் எண்ணிய கணக்கு அது.

கிளப்பில் செம்மண் தரை. கோல் என்பது இரண்டு ஜோடிச் செருப்பு. நான்குக்கு நான்கு பேராகப் பிரித்து, ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஆட்டம் ஓடும். வரிசையே கிடையாது. முதல் நாள் அங்கேயும் எண்ணத் தொடங்கினேன். இருபது நிமிடத்தில் நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். சின்ன அணி, சின்ன மைதானம் என்பதைத்தான் உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குச் சொல்கிறார்கள். ஐந்துக்கு ஐந்து, பிறகு ஏழுக்கு ஏழு, பிறகு ஒன்பதுக்கு ஒன்பது என்று வளர்ந்துதான் 11 பேர் ஆட்டத்துக்குப் போக வேண்டும். பந்தும் அப்படியே. 8 வயதுக்குக் கீழ் 3-ம் நம்பர், 12 வரை 4-ம் நம்பர், அதற்கு மேல்தான் 5. எங்கள் அகாடமியில் எல்லாருக்கும் 5-ம் நம்பர் பந்துதான். ஒன்பது வயதுப் பையன் அதை உதைத்துவிட்டுக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவான்.

அகாடமி கோச் படித்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் லைசென்ஸ் படிகள் இ, டி, சி, பி, ஏ என்று ஏறும். அவரிடம் டி இருந்தது. பந்தை நிறுத்தும்போது உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று அவர் மகளுக்குக் கற்றுத்தந்தது இன்றும் அவள் ஆட்டத்தில் தெரிகிறது. ஆனால் இரண்டே மாதத்தில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். வந்தவர் கல்லூரி மாணவர், பாவம், அவருக்கே புதுசு. நாங்கள் மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டியிருந்தோம், மாதம் 1,800 வீதம் இரண்டு பிள்ளைக்கும். கேட்டதற்கு, கட்டிய பணம் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். அந்தத் தொகை எத்தனை ஜோடிக் கொலுசுக்கான கூலி என்பது எங்களுக்குத்தான் தெரியும். அதனால் அகாடமியில்தான் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் மாதாமாதம் கட்டுங்கள். கோச் யார், எத்தனை நாளாக இருக்கிறார் என்று ஏற்கனவே சேர்ந்த பெற்றோரிடம் விசாரியுங்கள்.

தரையைப் பற்றி இரண்டு பக்கமும் பேச வேண்டும். மழைக்காலத்தில் டர்ஃப்தான். ஐப்பசியில் எங்கள் மைதானம் சேறாகி, ஒரு வாரம் வரை ஆட முடியாமல் கிடக்கும். பகல் முழுக்க வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மாலை விளக்கு வெளிச்சம் பெரிய வசதி. ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, சாயங்காலம் ஐந்து மணிக்கும் டர்ஃபில் புல்லுக்கு நடுவே தூவியிருக்கும் கறுப்பு ரப்பர் துகள் சுடும். சறுக்கி விழுந்தால் முட்டித் தோல் சூடு வைத்ததுபோல உரிந்து வரும். ஷூவும் வேறு. நீள ஸ்டட் வைத்த ஷூ நிஜப் புல் தரைக்கு. டர்ஃபுக்கு, அடிப்பாகத்தில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ் இருக்கிற ஷூ. முன்கால் எலும்பைக் காக்கும் ஷின் கார்டு இரண்டு இடத்திலும் கட்டாயம், ஆட்ட விதியிலேயே அது இருக்கிறது.

போன தை மாதம் மகன் குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நுனிக்காலில் நடந்தான். கல்லில் மிதித்திருப்பான் என்று நினைத்து எண்ணெய் தேய்த்தேன். டாக்டர் இரண்டு பக்கமும் குதிகாலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இது வளர்கிற வயதில் வருவது, சீவர்ஸ் என்று பெயர் என்றார். எட்டிலிருந்து பதினாலு வயதுக்குள், எலும்பு வேகமாக வளரும்போது, பின்கால் தசைநாண் குதிகாலை இழுப்பதால் வருகிற வலி. ஓட்டம், குதிப்பு அதிகமானால் கூடும், ஓய்வு கொடுத்தால் அடங்கும். மூன்று வாரம் உட்கார வைத்தோம். இறுகிய தரையும் மெலிந்த அடிப்பாகமுள்ள ஷூவும் இதை மோசமாக்கும் என்பதால் இப்போது குதிகாலுக்குக் குஷன் வைத்துப் போடுகிறான். வலியோடு ஆடுவதுதான் வீரம் என்று எந்தக் கோச் சொன்னாலும், எந்த இடமாக இருந்தாலும், அங்கே பிள்ளையை விடாதீர்கள்.

பந்தைத் தலையால் முட்டுவதைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஹெட்டிங் கூடாது என்று 2015-லேயே முடிவெடுத்தார்கள். இங்கிலாந்தில் 2020-ல் சின்னப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்தே அதை எடுத்தார்கள். எங்கள் கிளப் அண்ணன் இதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு அன்றிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு நிறுத்திவிட்டார்.

கிளப்பின் கட்டணம் மாதம் 200. அதோடு முடிந்தது என்று நினைத்துச் சேர்த்தால் ஏமாந்துபோவீர்கள். மீதியை நேரமாகக் கட்ட வேண்டும். சுண்ணாம்புப் பொடி போட்டுக் கோடு இழுப்பது, மேட்ச் நாளில் இரும்புக் கோல் போஸ்ட்டை ஆறு பேராகத் தூக்கி நிறுத்துவது, பந்துக்குக் காற்றடிப்பது, யார் வீட்டுப் பிள்ளையை யார் வண்டியில் ஏற்றுவது என்று எல்லாமே பெற்றோர் தலையில்தான். அந்தப் போஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தரையில் கட்டாமல் சும்மா நிறுத்திய போஸ்ட் சாய்ந்து விழுந்தால் பிள்ளை உயிருக்கே ஆபத்து. தொங்கி விளையாடாத பிள்ளை எது? நாங்கள் பின்பக்கச் சட்டத்தின் மேல் மணல் மூட்டை அடுக்குகிறோம். நீங்கள் எந்த மைதானத்துக்குப் போனாலும் முதல் வேலையாகப் போஸ்ட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

அகாடமியில் நான் வாடிக்கையாளர். கிளப்பில் எனக்குச் சொல்ல இடம் இருக்கிறது. போன வருடம் வெளியூர் டோர்னமென்ட் ஒன்றில் கடைசி ஆட்டம் வந்ததும், எல்லாரும் ஆட வேண்டும் என்ற கிளப்பின் பேச்சு பறந்துவிட்டது. என் மகனும் இன்னும் இரண்டு பேரும் முழு ஆட்டமும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். மறுநாள் காலை பெற்றோர் நான்கு பேர் போய்ப் பேசினோம். அண்ணன் மறுக்கவில்லை. இப்போது ஒவ்வொரு மேட்ச்சுக்கும் நோட்டில் பெயரெழுதி, பாதி ஆட்டமாவது ஒவ்வொருவருக்கும் என்று டிக் போடுகிறார். அகாடமியில் இப்படிப் போய்ப் பேசியிருக்க முடியுமா என்றால், முடியாது. அங்கே பேச ஆள் ரிசப்ஷனில்தான் இருந்தார்.

பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள் வேறு கணக்கும் போட வேண்டும். டர்ஃபில் 28 பேரில் இரண்டே பெண்கள். கிளப்பில் ஏழு பேர், கூடவே கல்லூரியில் படிக்கும் ஒரு அக்கா வந்து சொல்லித்தருகிறாள். மகளுக்கு அந்த அக்காதான் எல்லாம். ஆனால் டர்ஃபில் சுத்தமான பாத்ரூம் இருந்தது. கிளப் மைதானத்தில் கிடையாது. எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து விடுவதால் ஓடுகிறது, அவர் ஊருக்குப் போனால் சிரமம்தான். வயதுக்கு வந்த பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை, சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்.

எங்கள் அத்தை முதலில் சம்மதிக்கவில்லை. வெயிலில் கறுத்துப்போவாள், காலில் தழும்பு விழும் என்றார். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடியவர், தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் என்று போனில் படத்தைக் காட்டினேன். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் ஆனது என்றும் சொன்னேன். "போலீஸா?" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை ஒருமுறை பார்த்தார். இப்போது விடிகாலை ராகிக் கஞ்சி ஆற்றி வைப்பவர் அவர்தான்.

பள்ளி அணியைக் கிளப்புக்குப் போட்டியாக வைக்காதீர்கள். பயிற்சி என்று பார்த்தால் பள்ளி பலவீனம். போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் பி.இ.டி. சார் விசில் ஊதுவார், பத்தாம் வகுப்பு வந்தால் அதுவும் நின்றுவிடும். ஆனால் சர்டிபிகேட் அங்கேதான் இருக்கிறது. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று போகும் பள்ளி விளையாட்டுப் போட்டிகள், 1960 முதல் பள்ளி அணிகளுக்கு நடக்கும் சுப்ரதோ கோப்பை, 12 வயதிலிருந்து மாணவர்கள் கலந்துகொள்ளும் முதலமைச்சர் கோப்பை, இவைதான் நாளைக்குக் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் பேசப்படும் தாள்கள். டர்ஃப் டோர்னமென்ட்டில் ஜெயித்த பளபளப்பான கேடயம் எங்கள் டிவி மேல் நான்கு இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம், கவுன்சிலிங்கில் அதைக் கேட்க மாட்டார்கள்.

காந்தி ஸ்டேடியம் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இடம். அரசுக் கோச், குறைந்த கட்டணம், ஆர்வமாக ஓடிவரும் பிள்ளைகள். ஏழாம் வகுப்பிலிருந்து விளையாட்டு விடுதிக்குத் தேர்வு நடக்கும் என்பதால் கண்ணில் பட இது நல்ல இடம். ஆட்டம் பழகாத ஒன்பது வயதுப் பையன் அங்கே பெரியவர்களுக்கு நடுவில் தொலைந்துபோகிறான். என் மகன் தொலைந்தான். மகள் தேறினாள்.

ஒரு ஞாயிறு ஏற்காட்டுக்கு ஃப்ரெண்ட்லி மேட்ச் ஆடப் போனோம். அடிவாரத்தில் ஏறி 20 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதில் இரண்டு பிள்ளைகள் வாந்தி. மேலே ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மூடுபனி இறங்கி, எங்கள் கோல்கீப்பரே கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாரும் நடுவில் கூட்டமாக நின்று கையைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தோம். எதிரணியில் காப்பித் தோட்டத்து வேலைக்காரர்களின் பிள்ளைகள், பாதிப்பேர் வெறுங்கால். சரிவான மண்ணில் ஆடிப் பழகியதால் பந்தைக் காலை விட்டு விலக விடவே இல்லை. 5-க்கு 1 என்று ஜெயித்தார்கள். மலையில் 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற விடுதிப் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைக்கு மைதானம் உண்டு. தோட்டத்துப் பிள்ளை தினமும் சேலம் இறங்கி ஏற முடியாது. அவர்களுக்குக் கிளப்பா அகாடமியா என்ற கேள்வியே வருவதில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது. திரும்பும்போது எங்கள் பந்துகளில் இரண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். ராத்திரி சேலத்தில் இறங்கி, தோற்ற அணி மொத்தமும் வண்டிக்கடையில் நின்று தட்டுவடை செட் சாப்பிட்டது.

பிறப்புச் சான்றிதழ் எங்கும் கேட்பார்கள், நகலைக் கொடுங்கள், ஒரிஜினலைக் கையைவிட்டு விடாதீர்கள். வயதை ஒரு வருடம் குறைத்துப் போடலாம் என்று யாராவது காதில் ஓதுவார்கள். எங்களுக்கும் ஓதினார்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடும் சோதனை இருக்கிறது. மாட்டினால் பிள்ளைதான் தலைகுனிந்து நிற்கும்.

வரும் ஜூனில் மகளுக்கு 13. கிளப்பில் அவள் வயதுப் பெண்களைக் கொண்டு ஒரு முழு அணி சேராது, பையன்களோடு இனி டோர்னமென்ட் ஆட முடியாது. காலையில் கிளப்பும் மாலையில் ஸ்டேடியமுமாக ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்று வீட்டில் பேச்சு. மகன் இன்னும் இரண்டு வருடமாவது செருப்புக் கோலில்தான் ஆடுவான். இந்த ஞாயிறு கோடு போடும் முறை எங்கள் வீட்டுக்கு. சுண்ணாம்புப் பொடி மூட்டை வாசலில் இருக்கிறது.