16 ஆம்ப் பாயிண்ட் எங்கே?

அம்மாவுக்குக் கோயம்புத்தூரில் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். எங்கள் தோட்டம் பொள்ளாச்சி தாண்டி இருக்கிறது. பிசியோதெரபிக்குத் தினமும் அங்கிருந்து கூட்டி வர முடியாது என்பதால், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே மூன்று வாரத்துக்கு ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்ட் எடுத்தேன். நியூ ஜெர்சியில் இருந்தபடியே ஆன்லைனில் பதிவு செய்தது. ‘கிச்சன் வசதி உண்டு’ என்று போட்டிருந்தார்கள். உண்டுதான். கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் மூன்றடி கிரானைட் மேடை, ஒரு சிங்க், இடுப்பு உயரத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ், ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு. கேஸ் சிலிண்டர் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

இடம் சின்னதாக இருக்கும் என்று தெரிந்துதான் பெட்டியில் இரண்டு கப் ரைஸ் குக்கரையும், மகள் தன்னுடையதைக் கொடுத்து அனுப்பிய யுஎஸ்பி பிளெண்டரையும் எடுத்து வந்திருந்தேன். வந்த அன்று ராத்திரியே குக்கரில் அரிசியைப் போட்டு, அடாப்டரை மாட்டி, சுவிட்சைத் தட்டினேன். இரண்டே நிமிடத்தில் தளபுளவென்று கொதித்தது. நம்ம ஊர் கரண்டுக்கு என்ன வேகம் என்று அம்மாவிடம் பெருமை வேறு பேசினேன். ஐந்தாவது நிமிடம் பிளாஸ்டிக் கருகும் நாற்றம், விளக்கு அணைந்தது, குக்கர் அவுட்.

பதினேழு வருடம் அமெரிக்காவில் இருந்தவளுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். செல்போன் சார்ஜரில் 100-240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும், அதனால் எங்கே செருகினாலும் பிழைத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் குக்கரின் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதில் 120 வோல்ட் என்று மட்டும்தான் இருந்தது. அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. 120-க்குச் செய்த சூடேற்றும் கம்பிக்கு நம்ம ஊர் 230 வோல்ட்டைக் கொடுத்தால் அது மூன்றரை மடங்குக்கு மேல் கரண்டைக் குடித்துச் சூடாகும். 300 வாட் குக்கர் 1,100 வாட் குக்கர் ஆகிவிடும்.

மறுநாள் காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கும் பெரியவரிடம் கொண்டு போனேன். கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம். சுற்றிலும் குடல் எடுத்த மிக்சிகள். குக்கரைக் கவிழ்த்து எழுத்தைப் படித்தவர் என்னைத் திட்டவில்லை, சிரித்தார்.

“ஏனம்மிணி, அமெரிக்காச் சாமானுங்களா? வாரத்துக்கு ஒண்ணு வருதுங்க.”

நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, துணி உறை போட்ட ஒரு சின்ன உருளையை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். தெர்மல் ஃபியூஸ், சூடு எல்லை மீறினால் கரண்டைத் துண்டிக்கும் சமாச்சாரம். அது தன்னைப் பலி கொடுத்து மீதியைக் காப்பாற்றியிருந்தது. டப்பாவில் துழாவி அதே டிகிரிக்கு இன்னொன்றை எடுத்து மாட்டினார். இருபது நிமிட வேலை, வாங்கிய காசு நான் குடித்துப் போன இரண்டு காபி விலைகூட இல்லை. “ஊருக்குப் போயி ஓட்டிப் பாருங்க. இங்க ஓட்டோணும்னா வோல்டேஜைக் குறைக்கிற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். அந்தப் பெட்டி உங்க குக்கரை விடக் கனமா இருக்குமுங்க” என்றார். நியூ ஜெர்சியில் இதை யாரிடமும் காட்டியிருக்கவே மாட்டேன், நேராகக் குப்பைதான்.

சரி, இண்டக்‌ஷன் இருக்கிறதே என்று அதற்கு வந்தேன். அதன் பிளக் தடித்த பின். மேடைக்கு மேல் இருந்ததோ 6 ஆம்ப் பாயிண்ட். உள்ளே போகவே போகாது. கேர்டேக்கர் தம்பி உடனே, தடித்த பின்னைச் சின்ன பாயிண்டில் செருக வைக்கும் ஒரு கன்வெர்ட்டர் பிளக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். முன்னால் தங்கியவர்களும் அதை வைத்துத்தான் சமைத்தார்களாம். அரை மணி நேரத்தில் அதைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. கணக்குப் போட்டால் காரணம் புரிந்தது. 6 ஆம்ப் பாயிண்ட் 1,400 வாட்டுக்குள்தான் தாங்கும். அடுப்போ 1,800 வாட். அறை எத்தனை சதுர அடி, பால்கனி உண்டா என்றெல்லாம் கேட்டு பதிவு செய்தேனே தவிர, பெரிய பாயிண்ட், அதாவது 16 ஆம்ப் பாயிண்ட், எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ஒண்டி அறையில் சமைக்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இருந்தது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்! பெரிய பாயிண்டைச் சாதுவான ஃப்ரிட்ஜ் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைச் சின்ன பாயிண்டுக்கு மாற்றிவிட்டோம். ஆனால் அங்கிருந்து மேடைக்கு ஒயர் எட்டவில்லை. தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் சொன்னதும் மூன்று மீட்டர் தடித்த மூன்று கோர் ஒயரை அளந்து வெட்டி, ஒரு முனையில் 16 ஆம்ப் பிளக், மறுமுனையில் சுவிட்சோடு பெட்டி என்று நிற்க வைத்தே செய்து கொடுத்தார் கடைக்காரர். கன்வெர்ட்டர் பிளக்கைக் காட்டினேன். “அதைக் குப்பையில போடுங்க முதல்ல.”

அதற்கப்புறம் சமையல் ஓடியது. இரண்டு லிட்டர் ஸ்டீல் குக்கர் ஒன்று வாங்கினேன். அம்மா தோட்டத்திலிருந்து வரவழைத்த அலுமினியப் பாத்திரத்தை அடுப்பு ஏற்றுக்கொள்ளவில்லை; வைத்தால் ‘கீ’ என்று கத்திவிட்டு அணைந்தது. அடியில் காந்தம் ஒட்டினால்தான் இண்டக்‌ஷனுக்கு ஆகும் என்றேன். அம்மா அன்று சாயங்காலமே ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த காந்த பொம்மையை எடுத்து அறையில் இருந்த எல்லாப் பாத்திரத்திலும் ஒட்டிப் பார்த்தாள், வாக்கரைப் பிடித்துக்கொண்டே. பிசியோதெரபிஸ்ட் நடக்கச் சொன்னபோது இவ்வளவு நடக்கவில்லை.

பெரும்பாலான நாள் அரிசியும் பருப்பும்தான். தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, ஊறின துவரம்பருப்பையும் அரிசியையும் போட்டு மூடினால் ஒரே பாத்திரத்தில் கதை முடிந்தது. இடமில்லாத அடுப்படிக்கென்றே கொங்கு நாட்டில் கண்டுபிடித்த சாப்பாடு போல இருந்தது. காலைக்கு ஒரு மல்ட்டி கெட்டில். வாய் அகலம், உள்ளே குட்டி இட்லித் தட்டு. 600 வாட்தான், சின்ன பாயிண்டே போதும். பாக்கெட் மாவை ஊற்றி மூடினால் மூடி தடதடவென்று ஆடும். ஈரத்துணியை மேலே போட்டால் அடங்கும். ஒரு ஈடுக்கு நாலு இட்லி. நானும் அம்மாவும் சாப்பிட மூன்று ஈடு. யுஎஸ்பி பிளெண்டர் சாத்துக்குடி ஜூஸுக்கு ஆயிற்று. பொட்டுக்கடலைச் சட்னிக்கு வைத்தேன், இரண்டு சுற்று முனகிவிட்டு நின்றது.

கிரைண்டர் வாங்கும் ஆசையில் ஒரு கடைக்கும் போனேன். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அந்த ஊருக்கு வந்துவிட்டு வாங்காமல் போவதா? கடைப் பையன் கேட்ட முதல் கேள்வியே, “அமெரிக்காவுங்களா, சிங்கப்பூருங்களா?” சிங்கப்பூர் என்றால் இங்கே ஓடுவதே அங்கேயும் ஓடும், பிளக்கை மாற்றினால் போதும். அமெரிக்கா என்றால் வோல்டேஜ் மட்டுமல்ல, அந்த ஊர் கரண்டின் துடிப்புக்கு ஏற்ற 60 ஹெர்ட்ஸ் மோட்டாரும் வேண்டும், டிரான்ஸ்ஃபார்மரால் ஹெர்ட்ஸை மாற்ற முடியாது என்று விளக்கினான். எனக்குக் குக்கர் விற்ற அமெரிக்கக் கடையில் இப்படி யாரும் கேட்டதில்லை. கல்லோடு சேர்த்து எடை பன்னிரண்டு கிலோ என்றதும் ஆசை அடங்கியது.

நடுவில் ஒரு நாள், சித்தியைத் துணைக்கு வைத்துவிட்டு, பாங்க் வேலையாக இரவு ரயிலில் சென்னை போய்வந்தேன். எதிர் சீட்டுக்காரர் செல்போன் பாயிண்டில் கெட்டிலைச் செருகினார். அந்த பாயிண்ட் செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும்தான், கெட்டிலுக்குத் தடை. டிடிஆர் வந்து பிடுங்கச் சொன்னதும், “வெந்நீர்தானே சார்” என்றார். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், திருட்டுத்தனமாக ஏற்றிய சிலிண்டரில் டீ போடப் போய் ஒன்பது பேர் இறந்ததை டிடிஆர் சொன்னார். கெட்டில் பைக்குள் போனது. என்னிடம் ஃபிளாஸ்க் இருந்தது, அவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை ஷட்டவுன். காலை 9 மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் ஓடும், அடுப்பு ஓடாது. என் குட்டிச் சாமான்கள் எல்லாம் மேடையில் பொம்மை மாதிரி நின்றன. கேர்டேக்கர் தம்பியே எங்கோ போய், அம்மாவுக்குக் காரமில்லாமல் ரசம் சாதம் தூக்குப்போசியில் வாங்கி வந்தான்.

கிளம்புகிற அன்று அவனுக்குக் கெட்டிலைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

“கெட்டில் வூட்ல இருக்குதுங்க்கா. அந்த எக்ஸ்டென்ஷன் ஒயரை மட்டும் வெச்சுட்டுப் போங்க. அடுத்து வர்றவங்களும் வந்ததும் அதைத்தான் தேடுவாங்க.”