மறுபடி மறுபடி வரும் பிரேக் நடுக்கம்: கம்பெனி சர்வீஸா, மெக்கானிக் ஷெட்டா, லேத் பட்டறையா?

காரின் பிரேக் டிஸ்க்கை (வீலோடு சுற்றும் தட்டு) லேத்தில் கடைந்தாச்சு, அதை இறுக்கிப் பிடிக்கும் பேட் மாற்றியாச்சு, சில ஆயிரம் கிலோமீட்டர் நன்றாக ஓடியது. பிறகு பைபாஸில் 80-இல் பிரேக் தொட்டால் ஸ்டீயரிங் மறுபடி நடுங்குகிறது. அப்படியானால் காரணத்தை இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை யாரிடம் விடுவது என்பதையும் அதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

டிஸ்க்கும் வீலும் மாட்டும் ஹப்பின் முகத்தில் துரு இருந்தாலோ, வீல் நட்டுகளை ஏற்ற இறக்கமாக முடுக்கியிருந்தாலோ டிஸ்க் லேசாகக் கோணி உட்காரும். பிரேக் பிடிக்காமல் ஓடும்போதுகூட ஒவ்வொரு சுற்றிலும் பேட் ஒரே இடத்தில் உரசும். அந்த இடம் மெல்ல மெல்லத் தேயும். தடிமனில் 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே நடுக்கம் கைக்குத் தெரியும். கடைந்த டிஸ்க் முதலில் சரியாக இருந்து, பிறகு கெடுவது இதனால்தான்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் டிஸ்க்கின் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ், தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டர், அந்த மாடலுக்கான அளவு வரம்பு எல்லாம் இருக்கும். ஆனால் புகாரைக் கேட்பவர் அட்வைசர், ஸ்பேனர் பிடிப்பவர் வேறொருவர். அவர் கைக்குப் போகும் ஜாப் கார்டில் ‘பிரேக் செக்’ என்று மட்டும் இருந்தால், பேட்டைத் துடைத்து உப்புத்தாள் போட்டுத் திருப்பித் தருவார்கள். ஊருக்குள் 40-இல் ஓட்டிப் பார்த்தால் நடுக்கம் வரவே வராது. அதனால் எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு வருகிறது என்பதைக் கார்டில் எழுத வையுங்கள். கூடவே ‘முன் டிஸ்க் இரண்டிலும் ரன்அவுட், எட்டு இடத்தில் தடிமன், எண்ணாகக் குறிக்கவும்’ என்ற வரியும் வேண்டும். ரன்அவுட் என்றால் சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடும் அளவு. டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுவது அதைவிட நல்லது.

அளக்கும் முறை சரியா என்பதையும் கவனியுங்கள். டிஸ்க்கை வீல் நட் போட்டு ஹப்போடு இறுக்கி, ஓரத்திலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே கேஜ் முனையை வைத்துச் சுற்ற வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு ரன்அவுட் வரம்பு 0.05 முதல் 0.10 மி.மீ.க்குள் இருக்கும். கூடுதலாகக் காட்டினால் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு ஓட்டை தள்ளி மாட்டி மறுபடி அளக்க வேண்டும். மேடு டிஸ்க்கோடு நகர்ந்தால் குற்றம் டிஸ்க்கில். ஹப்பின் அதே இடத்திலேயே நின்றால் ஹப்பிலோ பேரிங்கிலோ. பத்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் புது டிஸ்க் விற்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

லேத் பட்டறை, பிரேக் லைனிங் கடைகளில் எல்லாப் புகாருக்கும் கடைசல்தான் மருந்து. பின் வீல் பிரேக் டிரம் கோணலாகி நடுங்கினால் அது சரியான மருந்தே. ஆளில்லாத நேரான சாலையில் 40-இல், பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்துப் பாருங்கள். அப்போதும் நடுங்கினால் குறை பின்னால். முன் டிஸ்க்கைத் தனியே கழற்றி லேத்தில் கடைந்தால், அங்கே நேராக இருப்பது கோணல் ஹப்பில் மாட்டியதும் மறுபடி கோணும். வண்டியிலேயே மாட்டியபடி கடையும் மெஷின் வைத்திருக்கும் கடை கிடைத்தால் நடுக்கத்துக்கு அதுவே முதல் தேர்வு. கடைவதற்கு முன்பு, டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கீழே போனால் புது டிஸ்க்தான் வேண்டும்.

ஒரு பக்கம் இழுப்பு, வீல் சூடு, பிரேக் விடாமல் பிடிப்பது, பெடல் தணிவது போன்றவற்றுக்குத் தெரு மெக்கானிக் ஷெட் எவ்வளவோ மேல். அங்கே கூடவே நின்று பார்க்கலாம். வீல் விடவில்லை என்றால் காலிப்பரில் (பேட்டை அழுத்தும் பாகம்) பிரேக் ஆயிலை வெளியேற்றும் நிப்பிளை லேசாகத் திறக்கச் சொல்லுங்கள். வீல் உடனே சுழன்றால் ஆயில் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. உள்பக்கம் உப்பிய ரப்பர் ஹோஸோ, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரோ காரணம். திறந்தும் சுழலவில்லை என்றால் பிஸ்டனோ, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது. கசிவே இல்லாமல், மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல இறங்கினால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் சீல்தான்.

ஷெட்டில் கவனிக்க வேண்டியது ஸ்லைடு பின்னுக்கு எந்த கிரீஸ் போடுகிறார்கள் என்பது. சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பி, சில மாதத்தில் அதே ஸ்லைடு பின் மறுபடி இறுகும். பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஏபிஎஸ் (பிரேக்கில் வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிவது, நிற்கப் போகும்போது பெடல் தடதடப்பது என்றால், நாலு வீல் வேகத்தையும் ஓட்டத்தில் காட்டும் ஸ்கேனர் இல்லாதவரிடம் போய்ப் பயனில்லை.

வீட்டுக்கே வரும் மெக்கானிக் பேட் மாற்ற, ஆயில் மாற்றப் போதும். திரும்பத் திரும்ப வரும் பழுதைக் கண்டுபிடிக்க அவர் வசதி பத்தாது.

எங்கே செய்தாலும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் துருப் போகத் தேய்த்த பிறகே டிஸ்க் ஏற வேண்டும். நட்டுகளை எதிரெதிராக, மேனுவலில் சொன்ன அளவுக்கு, முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். அடுத்த முறை பஞ்சர் கடையில் ஏர் கன்னை எடுத்தால், கடைசி முடுக்கைக் கையால் போடச் சொல்லி, வீட்டுக்கு வந்து ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள்.