ராஸ்பெரி பை 4, பீகிள்போன் பிளாக்: இயங்குதளம் எழுத எதை வாங்கலாம்?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ பொறியியல் படிக்கச் செல்லும் நம் மாணவர்கள், திறமூல இயங்குதள வேலைக்குக் குறைந்த விலையில் எந்த ஆர்ம் பலகையை (ஆர்ம் வகைச் செயலி கொண்ட ஒற்றைப் பலகைக் கணினியை) வாங்கலாம் என்று கேட்டால், ராஸ்பெரி பை 4, பீகிள்போன் பிளாக் ஆகிய இரண்டையே ஒப்பிட்டுச் சொல்வேன்.

2019இல் வந்த ராஸ்பெரி பை 4, நான்கு கார்டெக்ஸ்-ஏ72 கோர்கள் கொண்ட 64 பிட் பலகை. 2013இல் வந்த பீகிள்போன் பிளாக், ஒரே கார்டெக்ஸ்-ஏ8 கோரும் 512 எம்பி நினைவகமும் உள்ள 32 பிட் பலகை. வேகத்தில் போட்டியே இல்லை. ஆனால் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக்கருவை, எழுதுபவருக்கு, மின்சாரம் பாய்ந்த கணத்திலிருந்து உள்ளே நடப்பதைப் பின்தொடர முடிவதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. பை 4இல் ஆர்ம் கோர்கள் வேலையைத் தொடங்குமுன்பே வீடியோகோர் என்ற வரைகலைச் செயலி, மூலநிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேரை (வன்பொருளை இயக்கும் உள்நிரலை) ஓட்டி நினைவகத்தைத் தயார்செய்துவிடுகிறது. பீகிள்போனிலோ, சிப்பில் பதிந்த ரோம் நிரலைத் தாண்டியதும், நினைவகத்தை அமைப்பது உட்பட எல்லாம் யூ-பூட் என்ற துவக்க நிரலின் திறந்த மூலநிரலில் நடக்கின்றன. அந்தச் சிப்பைத் தயாரிக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வெளியிட்ட, ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை வரிவரியாகப் படிக்கலாம்.

பலகை அனுப்பும் செய்திகளைக் கணினியில் படிக்க, இரண்டுக்குமே 3.3 வோல்ட் யூஎஸ்பி-சீரியல் கேபிள் தேவை. 5 வோல்ட் சிக்னல் தரும் கேபிளை மாட்டினால் பலகை கெட்டுப்போகக்கூடும். பீகிள்போனில் ஜே1 இணைப்பின் 1, 4, 5ஆம் பின்களிலும், பை 4இல் 40 பின் வரிசையின் 6, 8, 10ஆம் பின்களிலும் மாட்ட வேண்டும்.

துவக்க நிரலை ஆழ்ந்து கற்கப் பீகிள்போனே சிறந்தது. ஆயினும் இன்றைய கெர்னல் வேலை பெரும்பாலும் 64 பிட்டில் நடப்பதால், ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு 2 ஜிபி பை 4ஐயே பரிந்துரைப்பேன். பலகையைக் கணினிக்குள்ளேயே போலச்செய்து காட்டும் கியூஈஎம்யூ என்ற மென்பொருளில், 9.0 பதிப்பு முதல் பை 4இன் மாதிரியும் இருப்பதால், பணம் சேரும்வரை கணினியிலேயே எழுதிப் பார்க்கவும் முடியும்.