கூட்டு ஊசியா, மூக்குச் சொட்டா?

சென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டில் நாய் இருமினால் முதலில் தேடுவது மீன்முள்ளைத்தான். எங்கள் ஜூலி வாத்து கத்துவதுபோல வறட்டு இருமல் இருமி, முடிவில் வெள்ளை நுரையைக் கக்கியபோது, பக்கத்து வீட்டு அக்கா தயங்காமல் அதன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். முள் இல்லை. ஐந்து நாட்களுக்கு முன்புதான் அதை ஒரு நாய் விடுதியிலிருந்து அழைத்து வந்திருந்தோம். அங்கே ஒட்டிக்கொண்டது கென்னல் காஃப், அதாவது நாய்க்கு நாய் தொற்றும் இருமல்.

ஆண்டுதோறும் ஒன்பது நோய்களுக்கான கூட்டு ஊசி போடுகிறோமே, பிறகு எப்படி வந்தது? அந்த ஒன்பதில் எலிக்காய்ச்சல் கிருமியின் வகைகளையே தனித்தனியாக எண்ணிவிடுகிறார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். டிஸ்டம்பர், பார்வோ, அடினோ, பாராஇன்ஃப்ளூயன்சா என்ற வைரஸ் தொற்றுகள் எல்லாம் அதில் உண்டு. கென்னல் காஃபுக்கு முக்கியக் காரணமான போர்டெடெல்லா என்ற பாக்டீரியா மட்டும் இல்லை. அதற்கு மூக்கில் விடும் சொட்டு மருந்து தனி.

கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் யோசிக்கவே வேண்டாம், கூட்டு ஊசிதான். கென்னல் காஃப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். குட்டிகளிடமும் கிழட்டு நாய்களிடமும்தான் நிமோனியாவாக முற்றும் அபாயம் அதிகம். டிஸ்டம்பர் அப்படியல்ல. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சீழ்போன்ற ஒழுக்கு, வாந்தி, பேதி, பிறகு தசைத் துடிப்பும் வலிப்புமாகப் போய் உயிரையே பறிக்கும். பிழைத்தாலும் நரம்புக் கோளாறு தங்கிவிடலாம். தண்டையார்பேட்டை, வியாசர்பாடிச் சந்துகளில் வீட்டு நாயும் தெரு நாயும் ஒரே மின்கம்பத்தை மோந்து பார்க்கின்றன. அங்கே ஊசி போடாத குட்டியைத் தெருவில் இறக்குவது சூதாட்டம். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம் என்பதால்தான் இத்தனை தவணை. "ஒன்று போட்டாயிற்றே" என்று நிறுத்தியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

சொட்டு மருந்தின் பலம் வேகம். கிருமி நுழையும் வாசலிலேயே காவல் வைப்பதால், போர்டெடெல்லாவுக்கு எதிராக ஒரே தவணையில் சுமார் மூன்று நாளில் பாதுகாப்பு கிடைக்கிறது. அதிலேயே இருக்கும் பாராஇன்ஃப்ளூயன்சா பாகத்துக்குச் சுமார் மூன்று வாரம் தேவை. ஓராண்டு தாங்கும். விடுதி, முடிவெட்டும் நிலையம், நாய்க் கண்காட்சி என்று போகிற நாய்க்கு இது ஆடம்பரமில்லை. தெருமுனையைத் தாண்டாத நாய்க்கு நான் வற்புறுத்த மாட்டேன். குறைகளும் உண்டு: சில நாட்கள் தும்மலும் லேசான இருமலும் வரலாம், சொட்டில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி என்பதால் ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது போட்டால் வீணாகும். இருமலை முற்றாகத் தடுக்கும் என்ற உறுதியும் இல்லை, கடுமையைக் குறைக்கும்.

மூன்றாவதாகத் தைலம், மனிதர்களின் இருமல் மருந்து என்று ஒரு கட்சி இருக்கிறது. கற்பூரம் கலந்த தைலம் நாய்க்கு நஞ்சு. பாராசிட்டமாலும் கல்லீரலைக் கெடுக்கும். அதை ஒப்பீட்டில் சேர்க்கவே மனமில்லை.

இருமல் வந்துவிட்டால் கழுத்துப் பட்டையைக் கழற்றி மார்புப் பட்டை மாட்டுங்கள். தொண்டை அழுந்தினாலே இருமல் கிளம்பும். மற்ற நாய்களிடமிருந்து விலக்கி வையுங்கள். இருமல் நின்ற பிறகும் சில வாரங்கள் கிருமி வெளியேறக்கூடும். சாப்பிட மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கண்ணில் சீழ் தெரிந்தாலோ அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்ப நான்கு வாரம் முன்பே ஜூலிக்குச் சொட்டு விட்டோம். அது நான்கு முறை தும்மி, மருத்துவரின் கண்ணாடியை நனைத்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது.