பழைய விதைகளை ஊறவைப்பது: என் மாடித்தோட்ட அனுபவம்

ஆடிப்பட்டத்தில் விதைத்தது போக மிஞ்சும் விதைகளை நான் எறிவதில்லை. சாம்பலில் புரட்டி டப்பாவில் அடைத்து வைத்து, சில ஆண்டுகள் கழித்தும் போடுகிறேன். வெறும் தண்ணீர், புளித்த மோர், பஞ்சகவ்யம், சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியா) எல்லாம் பார்த்தாயிற்று. எதில் நனைத்தாலும், ஈரம் நிதானமாக ஏறினால்தான் பழைய விதை பிழைக்கிறது.

அவரை, கொத்தவரை, காராமணி மூன்றிலும் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். பழைய விதையை இரவு முழுவதும் தண்ணீரில் போட்டால், காலையில் தண்ணீர் கலங்கி நுரை கட்டியிருக்கும். விரலால் தொட்டால் தோல் வழுக்கி, பருப்பு இரண்டாகப் பிரியும். வயதான விதையில் செல் சவ்வு தளர்ந்திருக்கும். ஒரேயடியாக நீர் புகுந்தால் உள்ளேயுள்ள சர்க்கரையும் உப்பும் கசிந்து வெளியேறும்; பூஞ்சைக்கு அதுவே தீனி. அதனால் மூடியுள்ள பாத்திரத்தின் அடியில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் ஒரு கிண்ணத்தில் விதைகளை உலர்வாகவே வைத்து, ஓர் இரவு மூடிவிடுகிறேன். காற்றின் ஈரத்தை விதை தானே இழுத்துக்கொள்ளும். மறுநாள் நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியில் முடிந்துவைத்தால் போதும்.

பாகல், புடலை சமாச்சாரம் வேறு. அவற்றின் ஓடு கெட்டி. நகவெட்டியால் கூர்முனை ஓரத்தை, உள்ளே வெள்ளைப் பருப்பில் படாமல், லேசாக நெரித்துவிட்டு ஈரத்துணியில் கட்டுகிறேன். மிதக்கும் விதை பொக்கு என்று தூக்கி எறியாதீர்கள். ஓட்டுக்குள் காற்று தங்கியிருந்தாலும் மிதக்கும். அப்படி மிதந்தவை எனக்கு நன்றாகவே காய்த்திருக்கின்றன.

பஞ்சகவ்யம் என்றால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து 20 நிமிடம் நனைத்தால் போதும். நாற்றழுகலுக்குச் சூடோமோனாஸ் உண்மையிலேயே கைகொடுக்கிறது. மிளகாய், கத்தரி நாற்றுக்கு அது இல்லாமல் நான் விதைப்பதே இல்லை. ஆனால் செத்த விதையை எந்தக் கரைசலும் எழுப்பாது. ஆகவே முதலில் பத்து விதையைத் துணியில் முடிந்து சோதித்துவிடுங்கள். ஐந்து முளைத்தால் குழிக்கு இரண்டு மூன்றாகப் போடலாம்.

வெங்காய விதைக்கு மட்டும் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். ஓராண்டு தாண்டினாலே அதன் முளைப்பு மளமளவென்று சரிந்துவிடும். அதைப் புதிதாகவே வாங்கிவிடுகிறேன்.