கெல்லிஸ் காசலில் விடியல்: கைப்பேசியா, கேமராவா?

பேராக் மாநிலத்தின் பத்து காஜா பக்கம் குடியிருப்பவர்களுக்கு, கட்டி முடிக்காத பழைய மாளிகையான கெல்லிஸ் காசலை விடியலில் படம் எடுக்க அலாரம் மட்டும் போதும். அதுவும் அடித்துப் பிடித்து எழ வேண்டியதில்லை. 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்த புண்ணியத்தில், இங்கே சூரியன் தலைகாட்டவே 7 மணியாகிவிடுகிறது. அந்நேரம் டிக்கெட் கவுண்டர் திறந்திருக்காது. அதனால் வெளியே நின்று எடுக்கும் படத்தைப் பற்றித்தான் பேச்சு.

முக்கியமான வித்தியாசம் வெளிச்சத்தில் இருக்கிறது. சூரியன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வானம் கருநீலமாக இருக்கும்; காசலின் செங்கல் சுவர் அதைவிட இருண்டு கிடக்கும். கைப்பேசியின் நைட் மோட் பல படங்களை ஒன்றாகக் கோத்து எல்லாவற்றையும் வெளுக்க வைத்துவிடும். பார்த்தால் காலை 9 மணிக்கு எடுத்தது போலிருக்கும். வாட்ஸ்அப் குழுவில் 'சூப்பர்லா' வாங்க அது போதும்தான், ஆனால் விடியல் எங்கே போச்சு? ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை) 8, ஷட்டர் சில விநாடி என்று வையுங்கள். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் டேலைட்டுக்கு மாற்றினால் நீலம் நீலமாகவே நிற்கும். இந்த அளவுகளை நாமே மாற்றவிடும் ப்ரோ மோட் உள்ள கைப்பேசியில் இதை ஓரளவு சமாளிக்கலாம்.

அப்புறம் அந்த ஆறு மாடிக் கோபுரம். லிஃப்ட் வைக்கத் திட்டம் போட்டார்கள். 1926-இல் இதைக் கட்டிய ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் லிஸ்பனில் இறந்துபோக, மாளிகையே பாதியில் நின்றுவிட்டது. கைப்பேசியின் அகலக் கோணத்தில் அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்பக்கம் சாயும். தள்ளி நின்று ஜூம் லென்ஸில் எடுத்தால் நிமிர்ந்து நிற்கும்.

கைப்பேசி ஜெயிக்கும் இடமும் உண்டு. ஏர்கோன் காரிலிருந்து இறங்கியதும் இந்த ஈரக்காற்றில் கேமரா லென்ஸில் ஆவி படியும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். சட்டைப் பையில் உடம்புச் சூட்டிலேயே கிடக்கும் கைப்பேசிக்கு அந்தத் தொல்லை குறைவு. மூடுபனி கலைவதற்குள் நாலு படம் எடுத்துவிடலாம். கேமராக்காரர்கள் வரும் வழியிலேயே ஏர்கோனை அணைத்து, கார் கண்ணாடியை இறக்கிவிடுவது நல்லது.

பலர் காசலோடு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஸ்பானிஷ் ஃப்ளூ கொள்ளைநோயில் ஸ்மித்தின் தொழிலாளர்கள் மடிந்தபோது, அவர்கள் கேட்டு ஸ்மித் கட்டிக்கொடுத்தது. கூரையில் சாமி சிலைகளோடு ஸ்மித் துரையும் சிலையாக வெள்ளை உடுப்பில் நிற்கிறார். எனக்கு இந்தப் படம்தான் காசலைவிடப் பெரிது. ஆனால் பெரும்பாலான கைப்பேசிகளில் அவ்வளவு தூரம் ஜூம் செய்து இழுத்தால் முகம் குழம்பிவிடும், தூரத்தைக் கிட்டே காட்டும் 200 மி.மீ. லென்ஸ் கண், மூக்கு வரை காட்டும்.

ஆக, காசலுக்கு மட்டும் போகிறவர் கைப்பேசியும் குட்டி ட்ரைபாடும் எடுத்துப் போகலாம். கோயிலுக்கும் போவதென்றால் பழைய கேமராவாக இருந்தாலும் தூக்கிக்கொண்டு போங்கள், புதுசு வாங்க வேண்டாம். சாமி கும்பிட வருகிறவர்களுக்கு வழிவிட்டு, ட்ரைபாடை ஓரமாக வையுங்கள்.