தேக்குக் காணிக்கு யாருடைய கணக்கு? அரசு, கன்று விற்பவர், கூட்டு ஆராய்ச்சி: ஓர் ஒப்பீடு

கிழக்கிலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், வயலுக்கு உதவாத மேட்டுக்காணியில் தேக்கு வைத்திருப்பவர்களோடு பேசினால் மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை அடிக்கு ஒரு கன்று? எந்த வயதில் இடையிடையே மரத்தை வெட்டி எடுத்து ஐதாக்குவது? இலுக்குப் புல்லை எத்தனை வருசம் செதுக்கிக் கொடுப்பது? நெல்லில் பிழைவிட்டால் அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். தேக்கில் விட்ட பிழை பத்து, பதினைந்து வருசம் கழித்துத்தான் கண்ணில் படும். அதனால் இங்கே முதலில் பார்க்க வேண்டியது யார் சொல்லும் கணக்கை நம்பிக் கன்று வைக்கிறோம் என்பதைத்தான்.

கன்று விற்பவர் சொல்லும் கணக்கை விரைவாகவே முடித்துவிடலாம். எட்டடிக்கு எட்டடி வைத்தால் ஏக்கருக்கு 680 கன்று. நன்றாக வந்த ஒரு மரத்தின் விலையை 680ஆல் பெருக்கி ஒரு பெரிய தொகையைக் காட்டுவார்கள். ஆனால் 680 மரமும் வெட்டும் வயதுவரை நிற்காது, நிற்கவும் விடக்கூடாது. தேக்கு வெளிச்சம் தேடும் மரம். நெருக்கத்தில் விட்டால் தடி பருக்காமல் கம்பாகவே உயரும். இடையில் வெட்டி எடுத்து, கடைசியில் சிறு பங்கை மட்டும் முதிர விடுவதுதான் முறை. மாரியில் தண்ணீர் கட்டி நிற்கும் பள்ளத்தில் தேக்கு தேறாது என்பதையும் அந்தக் கணக்கு சொல்லாது. விற்பவருக்கு வேலை கன்று கைமாறும் அன்றே முடிகிறது. அந்தக் கணக்கை நம்பிக் காணியைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

அரசின் கணக்கு அப்படியல்ல. அதற்கு மரியாதை உண்டு. தேக்கு வளர்ப்பைப் பற்றி நம் பக்கத்து நாடுகளில் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அரசுத் தோட்டங்களில் இருந்து வந்தது. கேரளத்து நிலம்பூரில் கொனொலி என்ற கலெக்டர் காலத்தில், 1840களில், சாத்து மேனன் பொறுப்பில் வைத்த தேக்கில் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. மனித ஆயுளைத் தாண்டி ஒரு பரிசோதனையைக் காக்கக் காணியும் பொறுமையும் அரசிடம்தான் உண்டு. நம் வன இலாகாவும் உலர்வலயத்தில் ஏராளமாகத் தேக்கு வைத்திருக்கிறது. அதை வெட்டுவதற்கு அரச மரக் கூட்டுத்தாபனம் இருக்கிறது.

குறை எங்கே என்றால், அரசு கேட்கும் கேள்விகள் அரசுக்குத் தேவையானவை. நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒரே வயதில் வைத்து ஒரே தரத்தில் வெட்டுகிறவருக்கு வேண்டிய நடுகை, ஐதாக்கல் அட்டவணை ஒன்று. இரண்டு ஏக்கரில் வேலியோரம் தென்னை, நடுவில் தேக்கு, மேய்ச்சலுக்கு நாலு மாடு என்று வைத்திருப்பவருக்கு வேண்டியது வேறொன்று. மண்ணும் வேறு. அங்கே காடு வெட்டிய மண். இங்கே பல தலைமுறையாகச் சேனைப்பயிர் செய்து களைத்த மண். அட்டவணை பொய்யில்லை, நமக்காக எழுதியதில்லை.

நம் நாட்டில் இன்னொரு வழியும் நடைமுறையில் இருக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் தொடங்கியபோதே ஏற்றுமதித் தேயிலையில் பிடிக்கும் வரிப்பணத்தில்தான் நடந்தது. பயிர் வைத்தவரே ஆராய்ச்சிக்குக் காசு கொடுக்கும் முறை அது. தேக்குக்கு அப்படி ஒன்று இல்லை. துறைமுகத்தில் வரி பிடிக்க இது ஏற்றுமதிப் பொருளுமில்லை.

அப்புறம் கூட்டு ஆராய்ச்சி. இதை விரிவாகவே பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் வடமேற்கில் டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரத்தைத் தோட்டமாக வளர்க்கும் கம்பனிகள் மர வியாபாரத்தில் ஒன்றுக்கொன்று போட்டி. ஆனாலும் இடைவெளி, களை, பசளை, ஐதாக்கல் என்று வரும்போது சந்தா கட்டி ஒரே மேசையில் அமர்கின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதற்கான கூட்டமைப்பு 1985 முதல் நடக்கிறது. ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2007இல் தீவிரமாக நட்டு வளர்க்கும் காடுகளுக்கென்றே ஒரு மையத்தைத் தொடங்கியது. கம்பனிகளோடு அரச அமைப்புகளும் உறுப்பினர்கள். காணி உறுப்பினருடையது, திட்டமும் கணக்கும் பல்கலைக்கழகத்துடையது, தரவு உறுப்பினர் எல்லாருக்கும்.

தென்கிழக்கு அமெரிக்காவில் பைன் மரத்துக்குப் பசளை போடுவது பற்றிய கூட்டமைப்பு 1969இல் வட கரோலினாவில் தொடங்கியது. வளர்ச்சியின் நடுக்காலத்தில் நைதரசனையும் பொசுபரசையும் தனித்தனியாகப் போடுவதைவிடச் சேர்த்துப் போட்டால்தான் பெரும்பாலான இடங்களில் மரம் நன்றாகப் பிடிக்கிறது என்பதைப் பல மண்ணில் பார்த்து உறுதி செய்தார்கள். பிரேசிலில் 1968இல் தொடங்கிய கூட்டு நிறுவகம் யூக்கலிப்டஸ் கம்பனிகளையும் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தையும் இணைத்தது. அந்த நாட்டின் கூட்டு ஆய்வுகளில் ஒன்று நமக்கு மிக நெருக்கமானது. வழக்கமாகப் போடும் பசளைக்கு மேலே கூட்டிப் போட்டுப் பார்த்தபோது வளர்ச்சி பெரிதாகக் கூடவில்லை, தண்ணீர் கொடுத்தபோது கூடியது. கச்சான் காற்று மாதக்கணக்கில் மண்ணைக் காயவைக்கும் எங்கள் பக்கத்தில், பசளைப் பைக்குக் காசைக் கொட்டுமுன் யோசிக்க வேண்டிய செய்தி இது.

கூட்டு ஆராய்ச்சியின் பலம் எதில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு அளவைக் கட்டத்தை, அதாவது மரத்தை அளந்து பார்க்க ஒதுக்கும் துண்டுக் காணியைப் பார்த்தால் போதும். இரண்டரை மீற்றர் இடைவெளியில் பக்கத்துக்கு 11 வரிசை, மொத்தம் 121 மரம். ஓரத்து மரத்துக்கு வெளிச்சமும் காற்றும் கூடுதலாகக் கிடைப்பதால் அது எப்போதும் கொழுத்துக் காட்டும். அதை அளந்தால் கணக்கு ஏமாற்றும். ஆகவே நாலு பக்கமும் இரண்டிரண்டு வரிசையைக் காவலாக விட்டு, உள்ளே நிற்கும் 49 மரத்தை மட்டும் எண்ணிட்டு, தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் தடியில் வர்ணக்கோடு போட்டு, ஒவ்வொரு வருசமும் அதே கோட்டில் நாடா சுற்றி அளக்க வேண்டும். கோடு இல்லாமல் நெஞ்சுயரம் என்று குத்துமதிப்பாக அளந்தால், ஆள் மாறும்போது மரமும் மெலிந்ததாகத் தெரியும். இந்த ஒரு கட்டத்துக்கு ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் காணி போகும். ஐதாக்கியது, ஐதாக்காதது என்று இரண்டு கட்டம் வைப்பது இரண்டு ஏக்கர்க்காரருக்கும் முடியும். ஆனால் அவர் அறிவது தன் மண்ணின் விடையை மட்டும். அதே இரண்டு கட்டத்தை ஆயித்தியமலையில் ஒருவர், வாகரையில் ஒருவர், அக்கரைப்பற்றுப் பக்கம் ஒருவர் என்று பத்துப் பேர் ஒரே அளவில் வைத்தால், மண்ணால் வந்தது எது, முறையால் வந்தது எது என்று பிரித்துப் பார்க்கலாம். அரசின் கணக்கிலும் விற்பவரின் கணக்கிலும் நமக்குக் கிடைக்காதது இதுதான்.

நிலம்பூர் விடை சொல்ல முடியாத கேள்வியும் ஒன்று நமக்கு உண்டு. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பை அடித்த சூறாவளியை இங்கே பெரியவர்கள் மறக்கவில்லை. நெருக்கத்தில் மெலிந்து வளர்ந்த தேக்கைத் திடீரென்று ஐதாக்கினால், தனியே நிற்கப் பழகாத தடி காற்றுக்குச் சாயும். எத்தனை மரத்தை, எந்த மாதத்தில் எடுத்தால் வாடைக் காலத்தைத் தாங்கும் என்பதை இந்தக் கரையில்தான் அளந்து பார்க்க வேண்டும்.

அமெரிக்க மாதிரியை அப்படியே இங்கே இறக்க முடியாது. அங்கே உறுப்பினர்கள் பெருங்கம்பனிகள், சந்தாவும் பெரிது. தரவைப் பார்க்கும் முதல் உரிமை பெரும்பாலும் உறுப்பினருக்கு. சின்னக் காணிக்காரர் அந்த மேசையில் அநேகமாக இல்லை. அத்தோடு பலர் சேர்ந்த வேலையில் ஒருவர் கட்டத்துக்குள் மாட்டை விட்டாலும், அவசரத்துக்கு ஒரு கம்பு வெட்டினாலும், அந்த இடத்துக் கணக்குப் போய்விடும். அரசுத் தோட்டத்தில் இந்தப் பயம் குறைவு.

இருந்தும் என் வாக்கு கூட்டுக்கே. கூட்டாக நடப்பது நமக்குப் புதிதில்லை. வட்டவிதானை என்ற பொறுப்பாளரை வைத்து வாய்க்கால் தண்ணீர் முறை பார்க்கும் ஊர்கள் இவை. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் கோர்னெல் பல்கலைக்கழகமும் கமநல ஆராய்ச்சி நிறுவகமும் அமைப்பாளர்களை அனுப்பி விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்தபோது, வாய்க்காலின் தலைப்பக்கத்து விவசாயிகள் வால்பக்கத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொடுத்தார்கள். சிறுபோகத் தண்ணீரையே பங்கிட்டவர்களுக்கு மர அளவைப் பங்கிடுவது பாரமில்லை. சந்தாவுக்குப் பதிலாகக் காணியையும் அளக்கும் நாளின் உழைப்பையும் கொடுக்கலாம். தரவுப் புத்தகம் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் இருக்கட்டும். வன இலாகாவின் பழைய தோட்டங்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டமாக நிற்கட்டும். அரசை ஒதுக்கிவிட்டு இதைச் செய்ய நினைப்பது தவறு.

எதில் தொடங்குவது என்றால், ஐதாக்கலில் வேண்டாம். அதன் விடைக்குப் பல வருசம் காத்திருக்க வேண்டும், அதற்குள் பாதிப் பேர் களைத்துவிடுவார்கள். இலுக்கில் தொடங்கலாம். புதிதாகக் கன்று வைக்கும் காணியில் ஒரு கட்டத்துக்கு முதல் வருசம் மட்டும் செதுக்கல், அடுத்ததற்கு இரண்டு வருசம், மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. ஐப்பசி மழையோடு வைத்தால், மூன்றாம் மாரி வருமுன் கன்றின் உயரத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். காய்ந்த இலுக்கில் தீ பிடித்த கட்டம் எது என்பதும் தெரியும். நாடாவோடு சொன்ன நாளுக்கு யார் வருகிறார், யார் வருவதில்லை என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். வருகிறவர்களை வைத்து ஐதாக்கல் கட்டங்களைப் பிரிக்கலாம்.